டைமிங் புல்லி வாங்கக் கிளம்பும் முன்: சின்னப் புல்லியில் கஞ்சத்தனம் வேண்டாம்

டைமிங் பெல்ட்டில், அதாவது உள்பக்கம் பல் வைத்த பெல்ட்டில், பல் உதிர்ந்தால் எல்லாரும் பெல்ட்டைத்தான் திட்டுவார்கள். புதுசு வாங்கி மாட்டுவார்கள், அதுவும் ரெண்டு மாதத்தில் கறுப்புப் பொடியாகக் கொட்டும், அடுத்து பெல்ட் விற்ற கடைக்காரருக்குத் திட்டு விழும். என் பட்டறைக்கு அப்படி வருகிற மெஷின்களில் நான் முதலில் கழற்றிப் பார்ப்பது புல்லியைத்தான். சின்னப் புல்லி அளவுக்கு மீறிச் சின்னதாக இருக்கும், அல்லது போர், அதாவது ஷாஃப்ட் நுழைகிற நடுத் துளை, லூசாக இருந்து ஷாஃப்டில் ஆடும், அல்லது பெல்ட்டும் புல்லியும் வேறு வேறு ஜாதியாக இருக்கும். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

மதுரைக்காரர்களுக்கு பெல்ட் ஒன்றும் புதிதில்லை. கோச்சடையில் மேலக்கால் ரோட்டில் ஃபென்னர் கம்பெனியே இருக்கிறது. மாவு மில், தண்ணி மோட்டார் என்று வி-பெல்ட் மாட்டியே பழகிய ஊர் இது. அந்தப் பழக்கம்தான் இங்கே காலை வாருகிறது. வி-புல்லி வாங்கப் போனால் "நாலு இஞ்ச், பி செக்‌ஷன், ரெண்டு காடி" என்று சொன்னால் வேலை முடிந்தது, அளவு கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் மோட்டாரை இழுத்துப் போல்ட்டை முடுக்கினால் ஓடிவிடும். டைமிங் புல்லியில் அப்படி இழுத்துச் சமாளிக்க வழியே கிடையாது. பல் பல்லில் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

சரி, முதல் வேலை பிட்ச். ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு உள்ள தூரம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், நானே சொன்னாலும் நம்பாதீர்கள். காரணம் இருக்கிறது. டி5 என்ற பெல்ட்டின் பிட்ச் 5 மி.மீ. எக்ஸ்எல் என்ற இஞ்ச் கணக்குப் பெல்ட்டின் பிட்ச் 5.08 மி.மீ. எச்டிடி 5எம் பெல்ட்டும் 5 மி.மீ.தான். 5எம்-இன் பல் உருண்டையாக இருக்கும், அதனால் அதைப் பிரித்துவிடலாம். டி5-உம் எக்ஸ்எல்லும் ரெண்டுமே சாய்ந்த பக்கம் வைத்த கட்டைப் பல். டி5-இல் அந்தச் சாய்வு இரு பக்கமும் சேர்த்து 40 டிகிரி, எக்ஸ்எல்லில் 50 டிகிரி. வெறும் கண்ணுக்கு ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும்.

சில வருடங்களுக்கு முன்னால் கப்பலூர் சிட்கோவிலிருந்து ஒரு பேக்கிங் மெஷின் புல்லி மாற்ற வந்தது. பெல்ட் மேலிருந்த எழுத்து தேய்ந்து போயிருந்தது. நான் வெர்னியரை வைத்து ஒரே ஒரு பல்லை அளந்தேன், 5 என்று காட்டியது, டி5 புல்லி 40 பல் வாங்கிப் போட்டுக் கொடுத்துவிட்டேன். கையால் சுற்றும்போது அழகாகச் சுற்றியது. மெஷினை ஓட்டியதும் ஒரு மாதிரி கர்கர் என்று சத்தம், புதுசு, போகப்போகச் சரியாகிவிடும் என்று நானே தைரியம் சொன்னேன். ஒரு வாரத்தில் போன் வந்தது: "அண்ணே, பெல்ட்ல பாதி பல்லக் காணோம்ணே." அது எக்ஸ்எல் பெல்ட். 40 பல் புல்லியில் பாதிச் சுற்று, அதாவது 20 பல், பெல்ட் பற்றியிருக்கும். ஒரு பல்லுக்கு 0.08 வித்தியாசம் என்றால் 20 பல்லுக்கு 1.6 மி.மீ. அந்த 1.6 மி.மீ. எங்கே போகும்? பெல்ட் பல்லைத்தான் செதுக்கும். புல்லி, பெல்ட், கூலி மூன்றும் என் கையிலிருந்து போனது.

அதனால் இப்போது ஒற்றைப் பல்லை அளப்பதே இல்லை. பெல்ட்டை மேஜையில் தட்டையாக விரித்து, ஒரு பல்லின் இடது ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு, அங்கிருந்து 20 பல் எண்ணி, அந்த 20 பல்லும் முடிந்து அடுத்து வரும் பல்லின் அதே இடது ஓரத்தில் இன்னொரு கோடு. ஸ்டீல் ஸ்கேலில் 100 வந்தால் பிட்ச் 5, 101.6 வந்தால் எக்ஸ்எல். ஸ்கேலிலேயே தெரிந்துவிடும், வெர்னியர்கூட வேண்டாம். பெல்ட் இல்லாமல் பழைய புல்லி மட்டும் கையில் இருந்தால் பல்லை எண்ணி, வெளி விட்டத்தை அளந்து கேட்லாக்கோடு ஒப்பிடுங்கள்: 20 பல் 5எம் புல்லி 30.69 இருக்கும், 20 பல் எக்ஸ்எல் 31.83 இருக்கும். ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம், தப்பவே தப்பாது. தேய்ந்த புல்லியாக இருந்தால் கொஞ்சம் குறைத்துக் காட்டும், அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்து அழியாத பெல்ட் என்றால் வேலை சுலபம். 550-5எம்-15 என்று இருந்தால் 550 மி.மீ. நீளம், 5 பிட்ச், 15 அகலம். 200எக்ஸ்எல்037 என்று இருந்தால் 20.0 இஞ்ச் நீளம், எக்ஸ்எல், 0.37 இஞ்ச் அகலம், அதாவது முக்கால்வாசிப் பேர் சொல்கிற மூணு நூல். எல் என்று போட்டிருந்தால் பிட்ச் 9.525, எச் என்றால் 12.7.

எந்த மெஷினுக்கு எந்தப் பல்? 3டி பிரிண்டர், சின்ன லேசர், எழுதும் பிளாட்டர் மாதிரி நகர்ந்து நகர்ந்து குறிப்பிட்ட இடத்தில் நிற்கும் மெஷின் என்றால் ஜிடி2, பிட்ச் 2 மி.மீ. இதில் பெல்ட் பல்லுக்கும் புல்லிக் காடிக்கும் இடையில் ஆட்டம் மிகக் குறைவு, போய்த் திரும்பி வந்தால் அதே இடத்தில் நிற்கும். மோட்டார் ஒரே திசையில் சுற்றிச் சக்தியை இழுத்துத் தள்ள வேண்டிய வேலை என்றால் எச்டிடி, அரை எச்.பி., ஒரு எச்.பி. அளவுக்கு 5எம், அதற்கு மேலே போனால் 8எம். பழைய இறக்குமதி மெஷினில் டி5, டி10, எக்ஸ்எல், எல் எது வேண்டுமானாலும் இருக்கும், அதில் உங்களுக்கு சாய்ஸ் இல்லை, இருப்பதைப் போட வேண்டும். புதிதாக மெஷின் கட்டுகிறவர்கள் எக்ஸ்எல்லைத் தேடிப் போக எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

ஜிடி2-இல் ஒரு கணக்கு மட்டும் சொல்லிவிடுகிறேன், காலேஜ் பசங்க அடிக்கடி மாட்டிக்கொள்கிற இடம். 20 பல் புல்லி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. இழுக்கும். ஸ்டெப்புக்கு 1.8 டிகிரி நகர்கிற சாதாரண ஸ்டெப்பர் மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப், மோட்டாரை ஓட்டும் டிரைவர் போர்டில் ஒரு ஸ்டெப்பை 16 துண்டாக்கும் மைக்ரோஸ்டெப் வைத்தால் 3200. 3200-ஐ 40-ஆல் வகுத்தால் மி.மீ.க்கு 80 ஸ்டெப். கடையில் 20 பல் இல்லை என்று 16 பல் வாங்கி மாட்டினால் ஒரு சுற்றுக்கு 32 மி.மீ.தான், ஸ்டெப் 100 ஆக வேண்டும். மெஷின் செட்டிங்கில் அதை மாற்றாமல் விட்டால் 100 மி.மீ. டப்பா கேட்ட இடத்தில் 80 மி.மீ. டப்பா வரும். ஒரு பையன் இப்படி ஒரு புராஜெக்ட் முழுக்க அடித்து முடித்துவிட்டுத்தான் வந்தான், மூடியும் டப்பாவும் ரெண்டுமே சின்னதாகிப் போனதால் ஒன்றோடு ஒன்று பொருந்தத்தான் செய்தது, உள்ளே வைக்க வேண்டிய சர்க்யூட் போர்டுதான் நுழையவில்லை.

இனி பல் எண்ணிக்கை. இங்கேதான் என் வாதம் எல்லாம். கணக்கில் சரியாக வருகிற மிகச் சின்னப் புல்லியை எடுக்காதீர்கள், இடம் இருக்கும் வரைக்கும் பெரிதாக எடுங்கள். நிஜமான ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன்.

சிந்தாமணிப் பக்கம் அப்பளம் போடுகிறவர் ஒருவருக்கு உளுந்து மாவு சலிக்கிற மெஷின். அரை எச்.பி. மோட்டார், 1440 சுற்று. சல்லடையை ஆட்டுகிற ஷாஃப்ட் 480 சுற்று ஓட வேண்டும், ஆக மூன்றுக்கு ஒன்று. முன்னால் வி-பெல்ட் இருந்தது, மாவுத் தூசி ஏறி ஏறி வழுக்குகிறது என்று டைமிங்குக்கு மாறினோம். ரெண்டு ஷாஃப்ட்டுக்கும் நடுத் தூரம் 150 மி.மீ. முதலில் கணக்குப் போட்டது 5எம்-இல் 20 பல், 60 பல்.

மோட்டாரின் முறுக்கு விசை சுமார் 2.5 நியூட்டன் மீட்டர். 20 பல் 5எம் புல்லியின் பிட்ச் விட்டம் 31.83. இது எப்படி வருகிறது என்றால் பல் எண்ணிக்கையைப் பிட்சால் பெருக்கி 3.1416-ஆல் வகுக்க வேண்டும். இந்த விட்டம் பெல்ட்டுக்குள் ஓடுகிற நார்க் கோட்டின் விட்டம், நீங்கள் வெர்னியரில் அளக்கிற வெளி விட்டம் இதைவிடச் சின்னதாகத்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். ஆரம் கிட்டத்தட்ட 16 மி.மீ., அப்படியென்றால் பெல்ட் இழுக்கிற இழுவை சுமார் 155 நியூட்டன், 16 கிலோ தொங்கவிட்ட மாதிரி. அதையே 24 பல் புல்லியாக்கினால் ஆரம் 19.1, இழுவை 13 கிலோவுக்கு இறங்குகிறது. மோட்டார் அதேதான், வேலையும் அதேதான், பெல்ட்டுக்கு மூன்று கிலோ சுமை குறைகிறது. சல்லடை மாதிரி உதறுகிற மெஷினில் இந்தச் சுமை ஒன்றரை, ரெண்டு மடங்கு வரைக்கும் எகிறும் என்று வைத்துத்தான் அகலம் பார்க்க வேண்டும், அப்போது இந்த மூன்று கிலோவும் கூடவே மடங்காகிறது. போதாததற்கு சின்னப் புல்லியில் பெல்ட் கூர்மையாக மடங்கி மடங்கி உள்ளே இருக்கும் கண்ணாடி நார் சீக்கிரம் முறியும்.

அடுத்தது எத்தனை பல் பற்றியிருக்கிறது என்பது. சின்னப் புல்லியில் குறைந்தது ஆறு பல் பெல்ட்டுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது கேட்லாக்கெல்லாம் சொல்கிற கணக்கு. 150 மி.மீ. நடுத் தூரத்தில் 20 பல் புல்லியில் எட்டு பல் பற்றுகிறது, 24-இல் பத்து பல். ரெண்டும் பாஸ்தான், ஆனால் பத்து நல்லது.

பெல்ட் நீளக் கணக்கு பார்த்துப் பயப்பட வேண்டாம். ரெண்டு புல்லியின் பல்லையும் கூட்டி, பிட்சால் பெருக்கி, பாதியாக்குங்கள்: 24-உம் 72-உம் 96, அதை 5-ஆல் பெருக்கினால் 480, பாதி 240. நடுத் தூரத்தின் ரெண்டு மடங்கைச் சேருங்கள்: 300. இப்போது 540. கடைசியாக ரெண்டு பிட்ச் விட்டத்தின் வித்தியாசத்தை, இங்கே 76.4, அதே எண்ணால் பெருக்கி, நடுத் தூரத்தின் நாலு மடங்கால், அதாவது 600-ஆல் வகுத்துச் சேருங்கள்: 9.7. மொத்தம் 549.7. கடையில் 550-5எம் ரெடியாகக் கிடைக்கிற பெல்ட். இதே கணக்கை 20-க்கும் 60-க்கும் போட்டால் 506.7 வந்தது, அந்த நீளத்தில் பெல்ட் கிடையாது, 500 போட வேண்டுமென்றால் மோட்டாரை 146.5-க்கு நகர்த்தணும், மோட்டார் பெட்டில் ஏற்கெனவே துளை போட்டாகிவிட்டது. ஆக 24-72 எல்லா வகையிலும் ஜெயித்தது. எப்போதும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்காது. அதனால் மோட்டார் துளையை நீள ஸ்லாட்டாகப் போட்டு வைப்பது நல்ல பழக்கம், பெல்ட்டுக்கு டென்ஷன், அதாவது இழுவிசை, வைக்கவும் அது வேண்டும்.

அப்புறம் போர். புல்லி வாங்குகிறவர்கள் பல்லையும் பிட்சையும் சரியாகச் சொல்லிவிட்டு இதில் சறுக்குவார்கள். அரை எச்.பி., நாலு காந்த முனை (போல்) உள்ள மோட்டார் பொதுவாக 71 ஃபிரேம் என்ற சைஸில் வரும், ஷாஃப்ட் 14 மி.மீ., சாவி, அதாவது புல்லியை ஷாஃப்டோடு பூட்டுகிற கட்டை, 5 மி.மீ. ஒரு எச்.பி. என்றால் 80 ஃபிரேம், ஷாஃப்ட் 19, சாவி 6. இடம் குறைவு என்று 14 பல் 5எம் புல்லி போட ஆசைப்பட்டார் ஒருவர். அதன் வெளி விட்டமே 21 சொச்சம், பல் ஆழம் போனால் அடியில் 17. அதில் 14 போர் போட்டால் சுவர் எவ்வளவு மிச்சம்? ஒன்றரை மி.மீ. சாவிக்காகப் புல்லிப் பக்கம் வெட்ட வேண்டிய ஆழம் 2.3 மி.மீ. சாவி பல் காடிக்குள் எட்டிப் பார்க்கும். பெரிய புல்லி வாங்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம், இந்தக் கணக்கை வீட்டிலேயே பேப்பரில் போட்டுவிட்டுப் போங்கள்.

கடையில் கிடைக்கிற புல்லி பெரும்பாலும் சின்ன பைலட் போரோடு வரும், நமக்கு வேண்டிய அளவுக்கு லேத்தில் போர் எடுத்துக்கொள்ள வேண்டும். இதை டிரில் போட்டு முடிக்க வேண்டாம், புதூர் எஸ்டேட்டிலோ உங்கள் ஏரியாவிலோ கொஞ்சம் பொறுமையான டர்னரிடம் கொடுங்கள். கொடுக்கும்போது வாய் திறந்து சொல்லுங்கள்: "அண்ணே, பல்லுல ஜா கடிக்க வேணாம், பாஸ்ல பிடிச்சு எடுங்க, டயல் வச்சுப் பாத்துருங்க." ஜா என்பது லேத்தின் கடிவாய், பாஸ் என்பது புல்லிப் பக்கத்தில் நீண்டிருக்கும் கழுத்து, டயல் என்பது சுற்றும்போது ஆட்டத்தைக் காட்டும் மீட்டர். பாஸ் இல்லாத புல்லி என்றால் பல் மேல் பித்தளைத் தகடு சுற்றிப் பிடிக்கச் சொல்லலாம். போர் நடுவில் இல்லாமல் கால் மி.மீ. தள்ளிப் போனால்கூட பெல்ட் ஒரு சுற்றில் ஒரு முறை முறுகும், ஒரு முறை தளரும், அந்தத் துடிப்பை, கையால் சுற்றியபடி விரலை பெல்ட் மேல் லேசாக வைத்தாலே உணரலாம்.

ஸ்டெப்பர் மோட்டார்க்காரர்களுக்கு: நீமா 17 என்ற சைஸ் மோட்டாருக்கு ஷாஃப்ட் 5 மி.மீ. நீமா 23-இல் 6.35-உம் வரும், 8-உம் வரும், அளக்காமல் ஆர்டர் போடாதீர்கள். 6.35 ஷாஃப்டுக்கு 6.5 போர் புல்லி நுழைந்துவிடும், ஸ்க்ரூவை முடுக்கியதும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். புல்லியில் ரெண்டு கிரப் ஸ்க்ரூ, அதாவது ஷாஃப்டை அழுத்திப் பிடிக்கிற தலையில்லாத ஸ்க்ரூ, 90 டிகிரியில் இருக்க வேண்டும், அதில் ஒன்று ஷாஃப்டின் தட்டை முகத்தில் நேராக விழ வேண்டும். தட்டை இல்லாத ஷாஃப்ட் என்றால் அரத்தால் கொஞ்சம் ராவித் தட்டையாக்குங்கள், ராவும்போது துணி சுற்றி இரும்புத் தூள் மோட்டாருக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அரை எச்.பி.க்கு மேல் வெறும் கிரப் ஸ்க்ரூவை நம்பவே கூடாது. சாவி போடுங்கள், அடிக்கடி கழற்றி மாட்டுகிற மெஷின் என்றால் டேப்பர் லாக் புஷ், அதாவது ஆப்பு மாதிரி இறுகி ஷாஃப்டைக் கவ்வுகிற வளையம், வாங்குங்கள், காசு கூட, ஆனால் சுத்தியல் எடுக்க வேண்டிய வேலை இல்லை.

ஃப்ளாஞ்ச், அதாவது புல்லியின் ஓரத்தில் இருக்கும் தட்டு. டைமிங் பெல்ட் எவ்வளவு நேராக வைத்தாலும் ஒரு பக்கமாக ஒதுங்கத்தான் பார்க்கும், அதைத் தடுக்கத்தான் இது. ரெண்டு புல்லி மெஷினில் சின்னப் புல்லிக்கு ரெண்டு பக்கமும் தட்டு இருந்தால் பெரியதற்கு வேண்டாம், செலவு மிச்சம். ஷாஃப்ட் செங்குத்தாக நிற்கிற மெஷின் என்றால் பெல்ட் கீழே வழியும், மற்ற புல்லியிலும் அடித்தட்டு மட்டுமாவது வேண்டும். வாங்கும்போது நகத்தால் தட்டை நெம்பிப் பாருங்கள், லேசாக ஆடினாலே வேறு கேளுங்கள், ஓட்டத்தில் அது கழன்று பெல்ட்டுக்குள் போவதைப் பார்த்திருக்கிறேன். புல்லி முகம் பெல்ட்டைவிட ஒரு மி.மீ. போல அகலமாக இருக்க வேண்டும், 6 மி.மீ. ஜிடி2-க்கான புல்லியில் 9 மி.மீ. பெல்ட் ஏறாது.

உலோகம்? பொதுவாக அலுமினியம் போதும், லேசு, மோட்டார் சட்டென்று நின்று திரும்ப வசதி. தூசி உள்ள இடத்தில் அலுமினியம் தேயும். மேலூர் பக்கம் கிரானைட் அறுக்கிற இடத்தில் வைக்கிற மெஷினுக்கு நான் ஸ்டீல்தான் போடுவேன், அந்தத் தூசி உப்புத்தாள் மாதிரி பல்லைத் தின்றுவிடும். மாவுத் தூசி வேறு மாதிரி வில்லங்கம்: தேய்க்காது, புல்லிக் காடிக்குள் போய்க் கெட்டியாகி பெல்ட்டைத் தூக்கிவிடும், டென்ஷன் தானாக ஏறும். அப்பளக்காரருக்குக் கவர் போட்டுக் கொடுத்தும் வாரம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டச் சொல்லியிருக்கிறேன். 3டி பிரிண்டரில் அடித்த பிஎல்ஏ பிளாஸ்டிக் புல்லியைப் பலரும் கேட்கிறார்கள். பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகும், மே மாதம் நம்ம ஊரில் தகரக் கூரை ஷெட்டுக்குள் சூடான ஸ்டெப்பர் ஷாஃப்டில் அதை மாட்டினால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லுங்கள். அளவு பொருந்துகிறதா என்று பார்க்க மட்டும் அடியுங்கள்.

மாட்டும்போது முதலில் நேர் பார்க்க வேண்டும். ஸ்டீல் ஸ்கேலை ரெண்டு புல்லி முகத்திலும் சேர்த்து வையுங்கள், வெளிச்சம் தெரியக் கூடாது. தூரம் கூட என்றால் நூல் பிடியுங்கள். கால் டிகிரிக்கு மேல் கோணல் இருக்கக் கூடாது, அதாவது 100 மி.மீ.க்கு அரை மி.மீ. கூட வராது. பெல்ட்டை ஸ்க்ரூடிரைவரால் நெம்பி ஏற்றாதீர்கள், மோட்டாரைத் தளர்த்தி, மாட்டி, பிறகு இழுங்கள்.

இழுப்பதில் வி-பெல்ட் கையை மறந்துவிட வேண்டும். புல்லிக்கும் புல்லிக்கும் நடுவே பெல்ட் வெறுமனே நிற்கிற நீளத்தில் 64-இல் ஒரு பங்கு அமுங்கினால் போதும். நம் சல்லடை மெஷினில் அந்த நீளம் 145 மி.மீ., ஆக விரலால் அமுக்கினால் ரெண்டு மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே அமுங்க வேண்டும். கிடார் கம்பி மாதிரி டிங் என்று அடித்தால் மோட்டார் முன் பேரிங் சீக்கிரம் கத்த ஆரம்பிக்கும். மிகத் தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் போடும்போது பல் தாண்டும், டக் டக் என்று கேட்கும். ஐட்லர், அதாவது பெல்ட்டை அழுத்திப் பிடிக்கிற வெறும் உருளை, போட வேண்டி வந்தால் தளர்ந்த பக்கத்தில் போடுங்கள், பெல்ட்டின் உள்பக்கம் என்றால் பல் உள்ள ஐட்லர், முதுகுப் பக்கம் என்றால் வழவழப்பானது, அதுவும் சின்னப் புல்லியைவிடப் பெரிதாக.

கடைக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் இப்படி எழுதிக்கொண்டு போங்கள்: 24 பல், எச்டிடி 5எம், பெல்ட் அகலம் 15, போர் 14, சாவி 5, ரெண்டு பக்கம் ஃப்ளாஞ்ச், பாஸ் உள்ளது. வெளி வீதிப் பக்கம் பேரிங் கடைகளில் இல்லையென்றால் கோவையிலிருந்து வரவழைத்துத் தருவார்கள், நாளாகும், அதற்காக "22 பல் இருக்கு, அதப் போட்டுக்கங்க" என்று சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள், ஸ்பீடும் மாறும், பெல்ட் நீளமும் மாறும்.

மாட்டி ஓட்டிய அன்று சாயங்காலம் மோட்டாரை நிறுத்தி, மெயினையும் ஆஃப் பண்ணிவிட்டு எல்-கீ எடுத்து கிரப் ஸ்க்ரூவை ஒரு தடவை முடுக்குங்கள், கால் சுற்றாவது போகும். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. அப்போது போகவில்லையென்றால் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கிற லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டு அப்படியே விட்டுவிடலாம்.